வானலையில் ஓர் உரிமை: ஜெர்மனியின் ஹாம் வானொலியாளர்கள்

மேற்கு ஜெர்மனியின் அரசியல் சாசனம் 1949ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் தேதி பிரகடனம் செய்யப்பட்டது. அதற்குச் சரியாகப் பத்து வாரங்கள் முன்னதாக, மார்ச் 14ஆம் தேதியிட்ட வேறொரு சட்டம் அந்நாட்டில் பிறந்திருந்தது. தனி நபர் ஒருவர் தேர்வில் தேறினால் தமது வீட்டிலிருந்தே வானலையில் பேச உரிமை பெறுவார் என்று கூறிய அமெச்சூர் வானொலிச் சட்டம் அது. போரில் இடிந்த நகரங்கள் இன்னும் எழும்பாத காலம். நாட்டுக்கு முறையான அரசாங்கம்கூட அப்போது அமைந்திருக்கவில்லை.

பொழுதுபோக்கு ஒன்றுக்கு அத்தனை அவசரமாகச் சட்டம் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தைய கால் நூற்றாண்டில் ஜெர்மனியை ஆண்டவர்கள் எவரும் தனி நபர் கையில் டிரான்ஸ்மிட்டர் இருப்பதை விரும்பியதில்லை. இன்று அந்நாட்டில் சுமார் அறுபதாயிரம் பேர் இதற்கான உரிமம் வைத்திருக்கிறார்கள். அரசின் சந்தேகம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆனால் வாடகை ஒப்பந்தங்கள், மின் கருவிகளின் இரைச்சல், உறுப்பினர்களின் முதுமை ஆகிய புதிய தடைகள் அவர்கள் முன் நிற்கின்றன.

ஹாம் என்பவர் யார்?

அமெச்சூர் வானொலி, உலகெங்கும் ஹாம் வானொலி என்ற பெயரிலும் அறியப்படுகிறது. நிகழ்ச்சிகளை ஒலிபரப்பும் வானொலி நிலையங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. உரிமம் பெற்ற ஒருவர், உரிமம் பெற்ற மற்றொருவருடன், இதற்கென ஒதுக்கப்பட்ட அலைக்கற்றைகளில் நேரடியாகத் தொடர்பு கொள்வதே இதன் அடிப்படை. இடையில் தொலைபேசி நிறுவனமோ, இணையமோ, கம்பிவடமோ தேவையில்லை.

இந்த உரிமையோடு கட்டுப்பாடுகளும் உண்டு. வணிகச் செய்திகளை அனுப்பக் கூடாது. பாட்டோ நிகழ்ச்சியோ ஒலிபரப்பக் கூடாது. உரையாடலைச் சங்கேதமாக்கி மறைக்கக் கூடாது. பேசுவதை உலகில் எவரும் கேட்கலாம் என்பது இதன் அடிப்படை நிபந்தனை. பேரிடர்க் காலம் தவிர, மூன்றாம் நபருக்காகச் செய்தி சுமக்கவும் ஜெர்மன் சட்டம் அனுமதிப்பதில்லை.

ஆனால் மற்ற வானொலிச் சேவைகள் எதற்கும் இல்லாத சுதந்திரம் ஒன்று ஹாம்களுக்கு இருக்கிறது. அவர்கள் தமது டிரான்ஸ்மிட்டரைத் தாமே வடிவமைத்து, தாமே கட்டி, இயக்கலாம். கைத்தொலைபேசி வைத்திருப்பவருக்கோ டாக்ஸி ஓட்டுநருக்கோ அத்தகைய உரிமை கிடையாது. அதற்கான தொழில்நுட்ப அறிவு இருக்கிறதா என்பதைச் சோதிக்கவே தேர்வு நடத்தப்படுகிறது.

அரசும் டிரான்ஸ்மிட்டரும்

வானலைகள் இருப்பதை முதன்முதலில் செய்து காட்டியவர் ஒரு ஜெர்மானியர்தான். கார்ல்ஸ்ரூ நகரில் ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸ் 1886 முதல் 1888 வரை நடத்திய சோதனைகள் மின்காந்த அலைகளை நிரூபித்தன. அதிர்வெண்ணின் அலகு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

அந்த அலைகளைச் சாதாரண மனிதர்கள் பயன்படுத்தத் தொடங்கியபோது, நாட்டுக்கு நாடு நிலைமை வேறுபட்டது. இருநூறு மீட்டருக்குக் குறைவான அலைநீளங்கள் பயனற்றவை என்று கருதி அமெரிக்காவில் அவற்றை அமெச்சூர்களிடம் விட்டார்கள். அந்தச் சிற்றலைகளில்தான் 1923 நவம்பரில் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இருந்த அமெச்சூர்கள் அட்லாண்டிக் கடலைக் கடந்து இருவழித் தொடர்பு கொண்டார்கள். உலக வானொலிகள் பின்னாளில் சிற்றலையைத் தேடி வந்ததற்கு வழி திறந்தவர்கள் அவர்கள்.

அதே காலத்தில் ஜெர்மனியில் தனி நபர்கள் அலைபரப்புவது சட்டவிரோதமாக இருந்தது. கல்வி நிறுவனங்கள் சிலவற்றுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. 1926இல் அமெச்சூர்களுக்கென ஓர் அமைப்பு உருவான பின்னரும், அவர்களில் பலர் அனுமதியின்றி, இரவு நேரங்களில், தாமே வைத்துக்கொண்ட அழைப்புக்குறிகளுடன் இயங்கினர்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் அந்த அமைப்பு அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. நம்பகமானவர் என்று கருதப்பட்ட சிலருக்கு உரிமம் கிடைத்தது. மற்றவர்களை 1937 நவம்பரில் இயற்றப்பட்ட, அனுமதியற்ற டிரான்ஸ்மிட்டர்களுக்கு எதிரான சட்டம் அச்சுறுத்தியது. போர் மூண்ட 1939 செப்டம்பரில் அந்நிய வானொலிகளைக் கேட்பதே குற்றமானது.

ஒரு டிரான்ஸ்மிட்டரை ஆட்சியாளர்கள் எந்த அளவுக்கு அஞ்சினார்கள் என்பதற்கு ருடோல்ஃப் ஃபோர்மிஸின் முடிவு சான்று. ஜெர்மன் அமெச்சூர் வானொலியின் முன்னோடிகளில் ஒருவரான அவர், ஸ்டுட்கார்ட் வானொலியில் பொறியாளராகப் பணியாற்றியவர். நாட்டை விட்டு வெளியேறி, செக்கோஸ்லோவாக்கியாவில் பிராகா நகருக்குத் தெற்கே ஒரு விடுதியில் இரகசிய டிரான்ஸ்மிட்டர் ஒன்றைக் கட்டினார். ஹிட்லரிடமிருந்து பிரிந்து சென்ற ஓட்டோ ஸ்ட்ராசரின் குழுவுக்காக அது ஜெர்மனியை நோக்கி ஒலிபரப்பியது. 1935 ஜனவரி 23ஆம் தேதி, எல்லை தாண்டி வந்த நாஜி உளவுப் பிரிவினர் அந்த விடுதியிலேயே அவரைக் கொன்றார்கள்.

1945இல் வென்ற நேச நாடுகளும் ஜெர்மானியர்கள் அலைபரப்புவதைத் தடை செய்தன. தடையை மீறிய பலர் தண்டனைக்கும் கருவிப் பறிமுதலுக்கும் உள்ளானார்கள். இந்தப் பின்னணியில்தான் 1949ஆம் ஆண்டின் சட்டம் முக்கியத்துவம் பெறுகிறது. நிபந்தனைகளை நிறைவு செய்பவருக்கு உரிமம் வழங்கியாக வேண்டும் என்ற நிலையை அது உருவாக்கியது. அதிகாரியின் தயவாக இருந்த ஒன்று குடிமகனின் உரிமையாக மாறியது. 1997இல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமும் அந்த அடிப்படையைத் தக்கவைத்துக்கொண்டது.

சுவரின் இரு பக்கங்களிலும்

கிழக்கு ஜெர்மனியில் 1953இல் அமெச்சூர் வானொலிக்கு விதிமுறைகள் வகுக்கப்பட்டன. ஆனால் அங்கே அது தனி மனிதப் பொழுதுபோக்காக வளரவில்லை. விளையாட்டுக்கும் தொழில்நுட்பத்துக்குமான சங்கம் என்ற, இராணுவ முன்பயிற்சி அளித்த வெகுஜன அமைப்பின் கீழ் அது இயங்கியது. கழகங்களின் பொது நிலையங்களிலேயே பலர் பேசினர். உரிமம் பெறுவதற்கு அரசியல் நம்பகத்தன்மையும் பார்க்கப்பட்டது. இரகசியக் காவல் பிரிவான ஷ்டாசியின் கண்ணும் காதும் அவர்கள் மீது இருந்தன.

ஆயினும் மேற்கே பயணம் செய்ய இயலாத ஓர் இளைஞர், மின்னியலும் மோர்ஸும் கற்றால், தமது குரலையாவது உலகம் சுற்ற அனுப்ப முடிந்தது. வானிலை, கருவி, சமிக்ஞையின் தரம் என்ற எல்லைக்குள் பேச்சு நின்றாலும், எல்லைச் சுவரைக் கடந்த உரையாடல் அது. 1990 அக்டோபர் 3ஆம் தேதி நாடு ஒன்றிணைந்த பின்னர், கிழக்கில் வழங்கிய அழைப்புக்குறி வரிசை படிப்படியாக மறைந்தது.

தேர்வும் அழைப்புக்குறியும்

இன்று உரிமம் வழங்கும் பொறுப்பு, பான் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கூட்டாட்சி வலையமைப்பு முகமையிடம் உள்ளது. மின்சாரம், தொலைத்தொடர்பு, அஞ்சல், இரயில் பாதை ஆகியவற்றை மேற்பார்வை செய்யும் அதே அமைப்புதான் ஹாம் தேர்வையும் நடத்துகிறது. தொழில்நுட்பம், இயக்க நடைமுறை, சட்டவிதிகள் என மூன்று பகுதிகள். கேட்கப்படக்கூடிய வினாக்கள் அனைத்தும் முன்கூட்டியே பொதுமக்களுக்கு வெளியிடப்படுகின்றன. மோர்ஸ் தேர்வு கட்டாயம் என்ற நிலை, 2003இல் நடந்த உலக வானொலி மாநாட்டின் முடிவைத் தொடர்ந்து நீங்கியது.

2024 ஜூன் 24ஆம் தேதி முதல் மூன்று படிநிலைகள் நடைமுறையில் உள்ளன. புதிதாக அறிமுகமான 'என்' வகுப்பு தொடக்க நிலையினருக்கானது. 2 மீட்டர், 70 சென்டிமீட்டர், 10 மீட்டர் ஆகிய மூன்று அலைக்கற்றைகளில், குறைந்த ஆற்றலில் அவர்கள் பேசலாம். அடுத்தது 'ஈ' வகுப்பு. உச்ச நிலையான 'ஏ' வகுப்பினர் 750 வாட் வரை பயன்படுத்தலாம்.

தேர்வில் தேறியவருக்கு அழைப்புக்குறி ஒன்று வழங்கப்படும். ஜெர்மனியின் குறிகள் 'டி' என்ற எழுத்தில் தொடங்குகின்றன. டி.எல்., டி.கே., டி.ஜே. போன்ற முன்னெழுத்துகளைக் கேட்டதும், பேசுபவர் எந்த நாட்டினர் என்பதை உலகின் எந்த மூலையிலுள்ள ஹாமும் அறிந்துகொள்வார். இந்தியாவுக்கு வி.யு., இலங்கைக்கு 4எஸ். ஒரே குறி இருவருக்கு இருப்பதில்லை. அதனால் பெயரைக் காட்டிலும் அழைப்புக்குறியாலேயே அவர்கள் ஒருவரையொருவர் நினைவில் வைத்திருப்பது வழக்கம்.

இந்த உரிமத்துக்கு ஜெர்மன் குடியுரிமை தேவையில்லை, வயது வரம்பும் இல்லை. பள்ளிச் சிறுவர்கள்கூடத் தேறியிருக்கிறார்கள். இந்தியாவில் இந்தியக் குடிமக்களுக்கே இத்தேர்வு நடத்தப்படுகிறது. அங்கு குறைந்தபட்ச வயது 12. முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தியும் அழைப்புக்குறி பெற்ற ஹாம்களில் ஒருவர்.

சூரியனைப் பார்த்து நாளைத் திட்டமிடுபவர்கள்

சிற்றலை ஹாம் ஒருவரின் அன்றாடம் வானிலையைவிடச் சூரியனின் நிலையை அதிகம் சார்ந்தது. பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலம், சிற்றலைகளைக் கண்ணாடிபோலத் திருப்பி அனுப்புகிறது. அவ்வாறு வானுக்கும் தரைக்கும் இடையே சில முறை துள்ளித்தான் அலைகள் தொலைதூரம் செல்கின்றன. அந்த மண்டலத்தைச் செதுக்குவது சூரியனின் கதிர்வீச்சு.

ஆகவே பகலில் 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர் அலைக்கற்றைகள் திறக்கும். இரவில் 3.5, 7 மெகாஹெர்ட்ஸ் உயிர் பெறும். ஜெர்மனியில் பிற்பகல் வேளை, தமிழகத்தில் மாலை முடிந்து இருள் சூழும் வேளை. அந்த நேரத்தில் 14 மெகாஹெர்ட்ஸில், நூறு வாட் ஆற்றலும் கூரையில் ஒரு கம்பியும் கொண்டு, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னையின் குரலைக் கேட்பது சாத்தியமே. ஆனால் உறுதியில்லை. கைத்தொலைபேசி யுகத்தில் இந்த உறுதியின்மைதான் ஹாம்களை இழுத்து வைத்திருக்கிறது. மீன் கடிக்குமா என்று தெரியாமல் தூண்டில் போடுபவரின் மனநிலை அது.

பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனின் செயல்பாடு உச்சத்தைத் தொடுகிறது. தற்போதைய சுழற்சி உச்சக் கட்டத்தை எட்டியதாக 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. இத்தகைய ஆண்டுகள் ஹாம்களுக்கு அறுவடைக் காலம். அதே வேளையில், 2024 மே மாதத்தில் வீசியதைப் போன்ற சூரியப் புயல்கள் சிற்றலைத் தொடர்புகளை முடக்கியும் விடுகின்றன.

உரையாடல்களுக்கென்று தனி மரபு இருக்கிறது. 'சி.க்யூ.' என்றால் எவரேனும் பதில் தாருங்கள் என்ற பொது அழைப்பு. சமிக்ஞையின் தெளிவும் வலிமையும் எண்களால் மதிப்பிடப்படும். '73' என்ற எண் வாழ்த்துகளைக் குறிக்கும். தமிழின் 'நீ', 'நீங்கள்' போல ஜெர்மன் மொழியிலும் 'டூ', 'ஸீ' என்ற வேறுபாடு கறாராகப் பேணப்படுகிறது. அறிமுகமற்ற பெரியவரை 'டூ' என்று அழைப்பது அங்கே அவமரியாதை. ஆனால் ஹாம்களுக்கு இடையே, பேராசிரியரானாலும் மெக்கானிக்கானாலும், முதல் அழைப்பிலிருந்தே 'டூ'தான்.

தொடர்பு நிகழ்ந்ததற்குச் சான்றாகக் கியூ.எஸ்.எல். அட்டைகள் பரிமாறப்படுகின்றன. சிற்றலை வானொலி கேட்டுக் கடிதம் எழுதிப் பழகிய தமிழ் நேயர்கள் பலருக்கு இந்த அட்டைகள் புதியவை அல்ல. ஜெர்மன் அமெச்சூர் வானொலிக் கழகம், காஸல் நகருக்கு அருகே பாவ்னாட்டாலில் உள்ள தனது தலைமையகத்தில் இவற்றைப் பிரித்து அனுப்பும் பணியகத்தையே நடத்துகிறது. மின்னணு முறைகள் வந்த பின்னரும் அச்சிட்ட அட்டையைச் சுவரில் மாட்டி வைக்க விரும்புவோர் குறையவில்லை.

பேச்சே இல்லாத முறைகளும் பெருகிவிட்டன. இயற்பியலுக்கான நோபல் பரிசை 1993இல் பெற்றவரும் ஹாமுமான ஜோ டெய்லர், சக ஆய்வாளர் ஒருவருடன் உருவாக்கிய எஃப்.டி.8 என்ற முறை 2017இல் வெளியானது. இரைச்சலில் புதைந்து காதுக்கே எட்டாத சமிக்ஞைகளையும் கணினி அதன் மூலம் வாசித்துவிடுகிறது. இதில் எஞ்சுவது உரையாடலா, இயந்திரங்களின் கைகுலுக்கலா என்ற விவாதம் ஹாம்களிடையே ஓயவில்லை.

ஊர்க்கிளையும் ஏரிக்கரைச் சந்தையும்

1950இல் உருவான ஜெர்மன் அமெச்சூர் வானொலிக் கழகத்துக்கு நாடெங்கும் சுமார் ஆயிரம் ஊர்க்கிளைகள் உள்ளன. ஒவ்வொரு கிளைக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. கிளைக் கூட்டங்களில் மின்சுற்றுப் பலகைகளில் ஈயப் பற்று வைத்தல், ஆண்டெனா கட்டுதல், புதியவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்தல் ஆகியவை நடக்கின்றன. கோடையில் வயல்வெளியில் கூடாரம் அடித்து, ஜெனரேட்டரிலும் பேட்டரியிலும் நிலையம் அமைத்து 24 மணி நேரம் போட்டியிடுவார்கள். காட்டில் மறைத்து வைத்த சிறு டிரான்ஸ்மிட்டர்களைத் திசையறியும் கருவியுடன் ஓடித் தேடும் 'நரி வேட்டை' சிறுவர்களுக்கும் விருப்பமான விளையாட்டு.

ஆண்டுதோறும் ஜூன் மாத இறுதியில், போடன்சே ஏரிக்கரையிலுள்ள ஃப்ரீட்ரிஷ்ஸ்ஹாஃபன் நகரில் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹாம் கண்காட்சி கூடுகிறது. 1976இல் தொடங்கி, கொரோனா தொற்றுக் காலமான 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் தவிர்த்துத் தொடர்ந்து நடந்து வருகிறது. பழைய வால்வுகள், கைவிடப்பட்ட இராணுவக் கருவிகள், புதிய மென்பொருள் வானொலிகள் அனைத்தும் ஒரே கூரையின் கீழ் விலை பேசப்படும். குரலால் மட்டும் பல ஆண்டுகள் அறிந்தவர்கள் முகம் பார்த்துக்கொள்ளும் இடமும் அதுவே.

விண்ணில் ஒரு சந்திப்பு

அரசுகள் மட்டுமே எட்டக்கூடியது என்று கருதப்பட்ட விண்வெளியிலும் ஜெர்மன் ஹாம்களின் கைவண்ணம் இருக்கிறது. மார்புர்க் நகரைச் சேர்ந்த கார்ல் மைன்ட்ஸரின் தலைமையில் உருவான செயற்கைக்கோள் ஒன்று 1980இல் ஏரியான் ராக்கெட் தோல்வியுற்றதால் கடலில் விழுந்தது. அவர்கள் கைவிடவில்லை. அடுத்த செயற்கைக்கோள் 1983இல் சுற்றுப்பாதையை அடைந்தது. 1985இல் ஜெர்மன் வீரர்கள் எர்ன்ஸ்ட் மெஸ்ஸர்ஷ்மிட்டும் ரைன்ஹார்ட் ஃபுரரும் பங்கேற்ற விண்வெளி ஓடப் பயணத்தில் ஹாம் நிலையமும் இடம்பெற்றது. பின்னாளில் அலெக்ஸாண்டர் கெர்ஸ்ட் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து பள்ளி மாணவர்களுடன் ஹாம் வானொலியில் பேசினார். போகும் நகரின் 20 மீட்டர் ஆண்டெனாவைச் சீரமைத்த ஹாம்கள், 2006இல் சுமார் 1,470 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்த வாயேஜர் 1 விண்கலத்தின் சமிக்ஞையையே பிடித்தார்கள்.

தமிழர்களுக்கு நெருக்கமானது 2018 நவம்பரில் ஏவப்பட்ட கத்தார் நாட்டுச் செயற்கைக்கோள். ஜெர்மன் ஹாம்களும் கத்தார் வானொலிக் கழகமும் இணைந்து அதில் ஹாம்களுக்கான கருவியைப் பொருத்தச் செய்தனர். க்யூ.ஓ.100 என்று வழங்கும் இதுவே புவிநிலைச் சுற்றுப்பாதையில் அமைந்த முதல் ஹாம் கருவி. பிரேசில் முதல் தாய்லாந்து வரை இதன் பார்வைக்குள் அடங்கும். ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்தவை. வீட்டுத் தொலைக்காட்சிக்கான டிஷ் ஆண்டெனாவும் அதன் தலைப்பகுதியுமே சமிக்ஞையைக் கேட்பதற்குப் போதும். ஹம்பர்க்கில் இருப்பவர் டிஷ்ஷைத் தெற்கே திருப்ப வேண்டும். மதுரையில் இருப்பவர் மேற்கே திருப்ப வேண்டும். சூரியனின் மனநிலையை எதிர்பார்க்காமல் இருவரும் நாள் முழுவதும் பேசலாம்.

வாடகை வீடும் மின் இரைச்சலும்

உரிமம் கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஜெர்மனியில் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். கூரையில் ஆண்டெனா அமைக்க வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவை. அடுக்குமாடிக் குடியிருப்பில் சொந்த வீடு வைத்திருப்பவரும் மற்ற உரிமையாளர்களின் இசைவைப் பெற வேண்டும். பல மாநிலங்களின் கட்டட விதிகள் பத்து மீட்டர் உயரம் வரையிலான ஆண்டெனாக்களுக்குத் தனி அனுமதி கேட்பதில்லை என்றாலும், அண்டை வீட்டார் அதைக் கண்ணுக்கு உறுத்தலாகவோ, உடல்நலத்துக்குக் கேடாகவோ கருதினால் வழக்குவரை செல்வதுண்டு. ஆண்டெனாவிலிருந்து வெளிப்படும் ஆற்றல் 10 வாட்டைத் தாண்டும் நிலையங்கள், பாதுகாப்புத் தொலைவைக் கணக்கிட்டு முகமைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் விதி.

இதனால் பலர் பால்கனியில் வளைய வடிவ ஆண்டெனாவை வைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியை மரத்துக்கு இழுக்கிறார்கள். முதுகுப் பையில் கருவியைச் சுமந்து மலையுச்சிகளுக்கும் பூங்காக்களுக்கும் செல்கிறார்கள். வேறோர் ஊரில் உள்ள நிலையத்தை இணையம் வழியே இயக்குவதற்கும் 2024ஆம் ஆண்டின் புதிய விதிமுறை 'ஏ' வகுப்பினருக்கு வழிசெய்தது.

அதைவிடக் கடினமான சிக்கல், கண்ணுக்குத் தெரியாத இரைச்சல். எல்.இ.டி. விளக்குகள், மலிவான மின்னேற்றிகள், மின்கம்பி வழியே இணையம் தரும் கருவிகள், கூரையிலுள்ள சூரியமின் தகடுகளின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் ஆகியவை தரக்குறைவாக இருந்தால் சிற்றலையை இரைச்சலால் நிரப்புகின்றன. தூய எரிசக்தியை வரவேற்கும் ஹாமே, பக்கத்து வீட்டின் சூரியமின் அமைப்பால் காது கேளாதவராகிறார். பாதிக்கப்பட்டவர் முகமையிடம் முறையிடலாம். அளவீட்டு வாகனத்துடன் அதிகாரிகள் வந்து மூலத்தைக் கண்டறிவார்கள். ஆனால் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தர வரம்புக்குள் இருந்து, அனைத்தும் சேர்ந்து எழுப்பும் இரைச்சலுக்கு எவரையும் பொறுப்பாக்க முடிவதில்லை. நாடெங்கும் அளவீட்டு நிலையங்களை நிறுவி இரைச்சலைப் பதிவு செய்யும் முயற்சியில் கழகம் ஈடுபட்டதற்கு இதுவே காரணம்.

மின்சாரம் நின்றுபோகும்போது

பேரிடர்க் காலத்தில் உதவுவதையும் ஹாம் வானொலியின் இலக்கணத்துக்குள் ஜெர்மன் சட்டம் சேர்த்திருக்கிறது. 2021 ஜூலையில் ஆர் நதிப் பள்ளத்தாக்கைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் மின்சாரமும் கைத்தொலைபேசியும் ஒருசேர நின்றன. நாடு முழுவதும் 180க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த வெள்ளத்துக்குப் பின்னர், கோபுரங்களையும் கம்பிவடங்களையும் சாராத தொடர்பு குறித்த அக்கறை வளர்ந்தது. 2025 ஏப்ரல் 28ஆம் தேதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் இருளில் மூழ்கியபோது அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

அதற்கான விடையைத் தெற்காசியா ஏற்கெனவே கண்டிருக்கிறது. அந்தமானில் பல ஆண்டுகளாக அனுமதிக்கப்படாத ஹாம் வானொலியை இயக்க, இந்திய அரசின் ஒப்புதலுடன் 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான குழு போர்ட் பிளேர் சென்றிருந்தது. டிசம்பர் 26ஆம் தேதி சுனாமி தாக்கியதும் அவர்கள் தொலைதூரத் தொடர்புப் போட்டியைக் கைவிட்டுத் தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்குக் கடத்தினார்கள். இலங்கையில் விக்டர் குணதிலக்கவும் இலங்கை வானொலிக் கழகத்தினரும் அம்பாந்தோட்டையைக் கொழும்புடன் சிற்றலை மூலம் இணைத்தார்கள். அரசுகள் தயக்கத்துடன் தந்த அனுமதி, அந்த நாட்களில் உயிர்களைக் காக்கும் பணிக்கு உதவியது.

எனினும் ஹாம்கள் தீயணைப்புப் படைக்கு மாற்றாக முடியாது. ஜெர்மனியில் அவர்கள் தன்னார்வலர்களே. மீட்புப் படைகளுக்குச் சொந்த வானொலி வலையமைப்பு உண்டு. ஆனால் அது செயலிழக்கும் இடத்தில், கார் பேட்டரியும் ஒரு துண்டுக் கம்பியும் கொண்டு தொடர்பை எழுப்பத் தெரிந்தவர் ஒருவர் அந்த ஊரிலேயே வாழ்கிறார் என்பதுதான் பயன். அத்தகைய திறமையை நெருக்கடி நேரத்தில் விலைக்கு வாங்க முடியாது. அன்றாடப் பழக்கத்தில் மட்டுமே அது உயிரோடிருக்கும்.

யார் தொடர்வார்கள்?

கழகத்தில் இப்போதும் சுமார் முப்பதாயிரம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஆயினும் எண்ணிக்கை சரிந்து வருகிறது, உறுப்பினர்களின் சராசரி வயது ஏறி வருகிறது. எளிய 'என்' வகுப்பு அறிமுகமானதன் நோக்கமே இளைஞர்களையும் வேறு துறையினரையும் ஈர்ப்பதுதான்.

அலைக்கற்றைக்கான போட்டியும் கடுமையாகிறது. ஐரோப்பாவின் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோள்கள் பயன்படுத்தும் அதிர்வெண்ணை ஒட்டிய 23 சென்டிமீட்டர் அலைக்கற்றை குறித்து, 2023 இறுதியில் துபாயில் நடந்த உலக வானொலி மாநாடு விவாதித்தது. ஹாம்கள் அதை முற்றாக இழக்கவில்லை. ஆனால் ஆற்றலையும் அதிர்வெண்ணையும் கட்டுப்படுத்தும் பரிந்துரைகளை ஏற்க நேர்ந்தது. பயன்படுத்துவோர் குறைந்த அலைக்கற்றையைக் காப்பது ஒவ்வொரு மாநாட்டிலும் கடினமாகும்.

ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த தமிழ்த் தலைமுறைக்கு இந்தத் தேர்வு மொழியால் தடையாக இருக்கப் போவதில்லை. அவர்களது பெற்றோரில் பலர், ஊரின் செய்திக்காக இரவுகளில் சிற்றலைப் பெட்டியின் முள்ளை மெல்லத் திருகியவர்கள். கேட்பதற்கு மட்டுமே அப்போது அவர்களுக்கு வழி இருந்தது. பதில் சொல்வதற்கான உரிமை, தேர்வு ஒன்றின் தொலைவில் இப்போது அவர்களின் பிள்ளைகளுக்கு இருக்கிறது.